அறுபதுக்கு மேல் இரண்டு நாற்காலிகள்

ஒரேயடியாக ஓய்வு பெறாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பெறுங்கள் என்று பொருளாதார நிபுணர்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அறுபது வயதில் ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ, மறுநாள் காலையிலிருந்து ஈஸிசேர் என்பது உடம்புக்கும் ஆகாதாம், கஜானாவுக்கும் ஆகாதாம். வாரத்தில் ஐந்து நாள் வேலை நான்காகட்டும். நான்கு மூன்றாகட்டும். சம்பளத்தில் பாதி, ஓய்வூதியத்தில் பாதி. அனுபவமும் வீணாகாது, ஆளும் துருப்பிடிக்க மாட்டார்.

அருமையான யோசனை. ஓய்வூதியத்தில் பாதி வாங்க, ஓய்வூதியம் என்று ஒன்று முதலில் இருக்க வேண்டும். அந்தச் சின்ன விஷயத்தை மட்டும் கருத்தரங்கில் யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வந்திருக்கும்.

இந்த யோசனை பிறந்த ஊர்களில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஸ்வீடனில் 1976இல் பகுதி ஓய்வூதியம் கொண்டுவந்தார்கள். அறுபதிலிருந்து அறுபத்துநான்கு வயது வரையுள்ள தொழிலாளி வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதனால் குறைகிற வருமானத்தில் 65 சதவீதத்தை அரசுத் திட்டம் ஈடுகட்டும். ஜெர்மனியில் 1996இல் முதியோர் பகுதிநேர வேலைச் சட்டம் போட்டார்கள். கடைசி சில வருடங்கள் பாதி வேலை, பாதி ஓய்வு என்பது நோக்கம். ஜெர்மன் தொழிலாளி சட்டத்தை உட்கார்ந்து படித்தார். முதல் பாதி முழு வேலை, இரண்டாம் பாதி முழு ஓய்வு என்று பிரித்துக்கொள்ள அதில் இடம் இருந்தது. பெரும்பாலோர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சராசரி பாதிதானே! ஜப்பானில் அறுபதில் வழியனுப்பிவிட்டு, அதே ஆளைக் குறைந்த சம்பளத்துக்கு அதே மேஜையில் உட்கார வைப்பார்கள். 65 வயது வரை வேலை தர வேண்டும் என்று சட்டம். 70 வரை தர முயல வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து இன்னொரு விதி. குறை சொல்ல அங்கும் நிறைய உண்டு. ஆனால் அது பேரம். உழைத்தவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், எதிரில் இருந்தவரும் கொஞ்சம் கொடுத்தார்.

ஜெனீவாவில் இருக்கும் காப்பீட்டுக் கம்பெனிகளின் சங்கம் ஒன்று இதற்குத் தத்துவமே கட்டியது. முதுமையைத் தாங்க மூன்று தூண்கள் உண்டாம். அரசு ஓய்வூதியம், கம்பெனி ஓய்வூதியம், சொந்தச் சேமிப்பு. மூன்றும் ஆட்டம் காணும் என்று தெரிந்ததும் 1987இல் நான்காவது தூணைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார்கள். என்ன தூண்? ஓய்வுக்குப் பிறகும் கொஞ்சம் வேலை பார்ப்பது. சொன்னவர்கள் யார் என்று இன்னொரு முறை பாருங்கள். காப்பீட்டுக் கம்பெனிகள். பிரீமியம் வாங்கியவனே, வயசான காலத்தில் நீயும் கொஞ்சம் உழைத்துக்கொள் என்கிறான்.

நம் நாடு இந்த விஷயத்தில் உலகத்துக்கே முன்னோடி. முதல் மூன்று தூண்களும் இல்லாமல், நான்காவது தூணின் மேலேயே மொத்தக் கட்டடத்தையும் நிறுத்திக் காட்டியிருக்கிறோம். அந்தத் தூணுக்கு நீலச் சட்டை மாட்டி, கையில் ஒரு விசில் கொடுத்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் உட்கார வைத்திருக்கிறோம்.

பார்த்திருப்பீர்கள். பார்க்காமலும் போயிருப்பீர்கள், அவர் எழுந்து சல்யூட் வைத்த பிறகும். வயது 66 இருக்கும், 70 இருக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மாற்று ஆள் வராவிட்டால் இருபத்துநான்கு. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கை உடைந்தது, ஏதோ ஒரு ஃபிளாட்டில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. இரவு இரண்டு மணிக்கு அதில் கண்ணயர்ந்தால் யாராவது போட்டோ எடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். கண்டித்து முதல் பதிவு போடுகிறவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற அதிகாரி. மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து, காப்பி குடித்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தட்டச்சு செய்வார்: வேலை நேரத்தில் தூங்கினால் என்ன பாதுகாப்பு?

அந்தக் காவலாளி எங்கிருந்து வந்தார் என்று கேளுங்கள். மில் என்பார். பனியன் கம்பெனி என்பார். இல்லாவிட்டால் கட்டட வேலை என்பார். இந்தியாவின் உண்மையான படிப்படியான ஓய்வு கட்டட வேலையில்தான் இருக்கிறது. முப்பது வயதில் அவர் கொத்தனார். ஐம்பத்தைந்தில் சாரம் ஏற முடியவில்லை, கையாள் ஆனார், கூலி பாதியானது. அறுபதில் கையாளாகவும் வேண்டாம் என்றார்கள். எழும்பிக்கொண்டிருக்கிற கட்டடத்துக்கு ராத்திரிக் காவல், கூலி இன்னும் பாதியானது. அவர் மனைவி நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் மூன்று வீடானார், இரண்டானார், முழங்கால் அனுமதிக்கிற அளவுக்கு இப்போது ஒன்று. நிபுணர்கள் கேட்டது இதுதானே? ஓய்வு படிப்படியாகத்தான் நடக்கிறது. ஓய்வு பெறுவது கூலி. ஆள் அல்ல.

2017-18இல் மத்திய அரசின் ஏற்பாட்டிலேயே நடந்த முதியோர் ஆய்வு, அறுபதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்ததாகச் சொன்னது. எல்லாம் சுறுசுறுப்பினால் என்று நினைத்துக்கொள்ளலாம். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. எண்பத்தைந்து வயதிலும் இட்லி விற்கும் பாட்டி, தளராத தன்னம்பிக்கை, இளைஞர்களுக்கு எடுத்துக்காட்டு! பக்கத்தில் பாட்டி புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம். ஒரு தாசில்தார், ஒரு அமைச்சர், ஒரு திட்டம், எல்லாம் சேர்ந்து கைவிட்டதைச் செய்தியாகப் போட வேண்டிய இடத்தில், அதையே வீரக்கதையாக்கி ஞாயிற்றுக்கிழமை மலரில் போடுகிறோம். நமக்கும் படிக்கச் சுகமாக இருக்கிறது. பகிர்கிறோம், கும்பிடு பொம்மை போடுகிறோம். நூறு நாள் வேலைக்கு வந்த பாட்டிகளை மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்று திட்டுவோம். எழுபது வயசுக் கிழவிக்கு மண்வெட்டி கொடுத்ததில் நமக்கு வெட்கமில்லை. அவள் உட்கார்ந்ததில்தான் நம் வரிப்பணம் போய்விட்டது.

சரி, மில்லில் வேலை பார்த்தவருக்கு ஓய்வூதியம் உண்டே? உண்டு. 1995 நவம்பரிலிருந்து உண்டு. பி.எஃப். பென்ஷன் என்பார்கள். முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம் அதற்குப் போகிறது. ஆனால் நீங்கள் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு. 2014 செப்டம்பருக்கு முந்தைய வருடங்களுக்கு அதுவும் இல்லை, 6,500. அந்தச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் உழைத்தால், 15,000இல் பாதி, 7,500. அது சூத்திரத்தின் உச்சம். மில்லில் முப்பத்தைந்து வருடம் தொடர்ந்து வேலை தர மில் இருக்க வேண்டுமே. கோயம்புத்தூரில் எத்தனை மில் வளாகம் இன்று கல்யாண மண்டபம், எத்தனை வளாகம் அடுக்குமாடி என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த அடுக்குமாடியின் கேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அகவிலைப்படி கிடையாது. முதல் மாதம் வந்த தொகைதான் சாகிற மாதமும் வரும். அரிசி ஏறலாம், கேஸ் ஏறலாம், பி.பி. மாத்திரை ஏறலாம். பென்ஷன் மட்டும் கொள்கைப் பிடிப்புள்ளது, ஏறாது. குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பாரதிய ஜனதாவின் பகத்சிங் கோஷியாரி தலைமையில் உட்கார்ந்து, குறைந்தது 3,000 கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. அப்போது அந்தக் கட்சி எதிர் வரிசையில் இருந்தது. எதிர் வரிசையில் உட்கார்ந்தால் ஏழைகள் நன்றாகத் தெரிவார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. கோஷியாரி 2019இல், தம் 77ஆம் வயதில், மகாராஷ்டிரத்தின் ஆளுநரானார். பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. குறைந்தபட்சத் தொகை அதே ஆயிரம்.

மில்லும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை என்றால் முதியோர் உதவித்தொகை. ஓஏபி. இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. 1962 ஏப்ரலிலேயே மாதம் 20 ரூபாயில் தொடங்கிய மாநிலம் இது. மத்திய அரசுக்கு முதியோர் கண்ணில் பட இன்னும் முப்பத்துமூன்று வருடம் ஆனது. 1995இல் 75 ரூபாய். பிறகு 200 ரூபாய். அந்த 200க்கு 2007இல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டிப் புதுத் திட்டமாக்கினார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 500. இன்றும் மத்திய அரசின் பங்கு அதே 200தான். நாளைக்கு ஆறு ரூபாய் அறுபத்தேழு காசு. நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கூட்டச் சொல்லிப் பல தடவை எழுதிவிட்டது. எழுதியதை அச்சடித்து, பைண்டு செய்து, மேஜையில் வைத்துவிட்டார்கள். அந்த பைண்டிங் செலவு என்ன என்று யாராவது கேட்டுச் சொல்லலாம்.

மாநில அரசு தன் பங்கைப் போட்டு 2011இல் 1,000 ஆக்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆக்கியது. பன்னிரண்டு வருடத்தில் இருநூறு ரூபாய். தினமும் டீ குடிக்கிறவர்கள் டீ விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் கேட்டதும் கிடைக்காது. ஆதரவற்றவர் என்று நிரூபிக்க வேண்டும். வி.ஏ.ஓ. வருவார், ஆர்.ஐ. வருவார், மகன் இருக்கிறானா என்று விசாரிப்பார்கள். மகன் இருந்தால் போச்சு. சோறு போடுகிறானா என்பது வேறு கேள்வி, அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

இப்போது அந்தப் பக்கத்து நாற்காலிக்கு வருவோம்.

நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருக்கு மாத ஓய்வூதியம் 31,000 ரூபாய். 2025 மார்ச்சில்தான் 25,000இலிருந்து உயர்த்தினார்கள். அறிவித்தது 2025இல், அமலுக்கு வந்தது 2023 ஏப்ரல் முதல்! முன்தேதியிட்டு. மில் தொழிலாளியின் ஆயிரத்தைப் பின்தேதியிட்டுக்கூட உயர்த்த முடியாதவர்களுக்கு இது கைவந்த கலை. குறைந்தபட்சம் எத்தனை வருடம் உறுப்பினராக இருக்க வேண்டும்? எவ்வளவு காலம் இருந்தாலும் போதும் என்கிறது சட்டம். ஐந்தாண்டுக்கு மேல் இருந்திருந்தால் கூடுதலாக ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500. தொழிலாளிக்குப் பத்து வருடம் பணி இல்லாவிட்டால் பென்ஷனே இல்லை. அவர் தேசத்துக்காக வெறும் நூல்தான் நூற்றார்.

அதிகாரிகளுக்கு வேறு ஏற்பாடு. அறுபதில் ஓய்வு என்று விதி. மின்சார ஒழுங்குமுறை ஆணையம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், தகவல் ஆணையம் என்று வாரியமும் ஆணையமும் வரிசையாக நிற்கின்றன. இவற்றின் சட்டங்களைப் புரட்டிப் பாருங்கள், வயது வரம்பு 65 என்று இருக்கும். அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் ஐந்து வருடம். அளவெடுத்துத் தைத்த சட்டை. நிபுணர், கல்வியாளர், சமூக சேவகர் யாரும் வரலாம் என்று சட்டத்தில் இருக்கும். வருவது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வூதியத்தைக் கழித்துக்கொண்டுதான் சம்பளம் தருகிறோம் என்று நியாயம் சொல்வார்கள். உண்மைதான். கார் கழிவதில்லை, டிரைவர் கழிவதில்லை, கதவு திறக்க நிற்கும் ஆள் கழிவதில்லை. இது தேக்கு நாற்காலி. மேலே வெள்ளைத் துண்டு. இதில் தூங்கினால் யாரும் போட்டோ எடுப்பதில்லை.

திறமை வீணாகக்கூடாது என்பதுதான் வாதம் என்றால் எல்லாருக்கும் அதை வையுங்கள். முப்பது வருடம் லைன் பார்த்த வயர்மேனின் அனுபவம் வீணாகலாமா? பேருந்தை மலைப்பாதையில் முப்பது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவரின் அனுபவம்? அவருக்கு ஆலோசகர் பதவி யாரும் தரவில்லை. அவருக்குச் சேர வேண்டிய பாக்கியைத் தரவே அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு வருடக்கணக்கில் நிறுத்தி வைத்த அகவிலைப்படியைக் கொடுங்கள் என்று 2024 ஜனவரியில், பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், தொழிற்சங்கங்கள் பஸ்ஸை நிறுத்த வேண்டி வந்தது. பயணிகளுக்கு எரிச்சல். டெலிவிஷனில் மக்கள் அவதி என்று ஓடியது. அந்தக் கிழவர்களின் அவதிக்கு டெலிவிஷனில் நேரம் இல்லை.

அரசியல்வாதிக்கு வயது வரம்பே கிடையாது. மொரார்ஜி தேசாய் பிரதமரானது 81 வயதில். ஒரே ஒரு தடவை, 2014இல், பாரதிய ஜனதா படிப்படியான ஓய்வு என்று ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. வழிகாட்டும் குழு என்று ஒன்றை அமைத்து வாஜ்பாய், அத்வானி, முரளி மனோகர் ஜோஷியை அதில் வைத்தார்கள். அந்தப் பட்டியலில் நரேந்திர மோதியின் பெயரும் ராஜ்நாத் சிங்கின் பெயரும்கூட இருந்தன என்பது பலருக்கு மறந்துவிட்டது. முதல் மூவருக்கு அது ஓய்வறை. மற்ற இருவருக்கு அது வெறும் பெயர்ப்பலகை. எழுபத்தைந்து வயதில் ஓய்வு என்று பேச்சு அடிபட்டதே, அது என்னாயிற்று? 2025 செப்டம்பரில் பிரதமருக்கு எழுபத்தைந்து நிறைந்தது. அதற்குச் சில வாரம் முன்பே, அப்படி யாரும் ஓய்வு பெற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை என்று ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் தெளிவுபடுத்திவிட்டார். அவருக்கும் அதே செப்டம்பரில்தான் எழுபத்தைந்து. தெளிவு தேவைப்பட்ட மாதம்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயதை உயர்த்திய கதையையும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம், ஊரடங்கு. 58 என்பது 59 ஆனது. ஊழியர் சங்கம் கேட்டதா? இல்லை. முதியோர் நல ஆய்வு ஏதும் வந்ததா? இல்லை. ஓய்வு பெறுகிறவருக்குப் பணிக்கொடை தர வேண்டும், விடுப்புக்குக் காசு தர வேண்டும், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டித் தர வேண்டும். கஜானா காலி. ஆளை வீட்டுக்கு அனுப்பினால் லட்சங்கள் தர வேண்டும், ஆபீஸிலேயே வைத்திருந்தால் மாதச் சம்பளத்தோடு போகும். கடன்காரனை வாசலில் நிற்க வைத்துவிட்டு, வீட்டுக்காரர் குளிக்கிறார் என்று சொல்வதுபோல ஒரு வருடம் தள்ளிவிட்டார்கள். ஒரு வருடம் ஓடியது. கடன்காரன் இன்னும் வாசலில். 2021 பிப்ரவரி 25 அன்று சட்டமன்றத்தில் விதி 110இன் கீழ் 59 என்பது 60 ஆனது. அதே நாள்தான் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் தேர்வில்லாமல் பாஸ் என்ற அறிவிப்பும் வந்தது. பிள்ளைகளும் பாஸ், வாத்தியாரும் பாஸ். மறுநாள் தேர்தல் தேதி அறிவிப்பு.

விளைவு? 58இல் ஓய்வு பெற வேண்டியிருந்த அரசு ஊழியர்களில் 2020 மே கடைசியிலிருந்து 2022 மே கடைசி வரை வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் கிட்டத்தட்ட எவருமில்லை. அந்த இரண்டு வருடத்தில் வெளியே நின்றவர்கள் யார்? 2022 ஜூலையில் குரூப் 4 தேர்வு நடந்தபோது அவர்களை நேரில் பார்த்தோம். அறிவித்தது 7,301 இடம். விண்ணப்பித்தது கிட்டத்தட்ட 22 லட்சம் பேர்.

இங்கேதான் பொருளாதார நிபுணர் கையைத் தூக்குவார். பெரியவர் வேலையில் இருந்தால் சின்னவர் வேலை போகும் என்பது தவறான கருத்து, வேலைகள் எண்ணி வைத்த பண்டமல்ல, பொருளாதாரம் வளர வளர வேலையும் வளரும் என்பார். புத்தகத்தில் சரி. தனியார் சந்தையில் ஓரளவு சரி. ஆனால் அரசு அலுவலகத்தில் இடங்கள் எண்ணித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாற்காலி காலியானால்தான் இன்னொருவர் உட்கார முடியும். அதே 2020 மே மாதம்தான் புதிய பணியிடங்கள் உருவாக்கக் கூடாது என்று சிக்கன ஆணையும் போட்டார்கள். இருக்கிற நாற்காலியில் இருப்பவர் எழுந்திருக்க மாட்டார், புது நாற்காலியும் வாங்க மாட்டோம், நீ படித்துக்கொண்டே இரு தம்பி. தம்பி படித்தான். வயது வரம்பைத் தாண்டினான். இப்போது அவனும் அப்பாவும் ஒரே பென்ஷனில் சாப்பிடுகிறார்கள். அப்பா 2003 ஏப்ரலுக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவராக இருந்தால்.

அதற்குப் பின்னால் சேர்ந்தவர் என்றால் கதை வேறு. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்புத் திட்டம். சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தார்கள். மற்ற பல மாநிலங்கள் சேர்ந்த தேசிய அமைப்பிலும் தமிழ்நாடு சேரவில்லை. ஓய்வு பெற்றவருக்கு மாத ஓய்வூதியம் வரவில்லை, பிடித்த பணத்தை மொத்தமாகக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். இதை ஆராய 2016இல் ஒரு குழு. அறிக்கை வர 2018 நவம்பர் ஆனது. பழைய திட்டத்தை மீட்போம் என்று திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையில் 309ஆவது வாக்குறுதி. ஆட்சிக்கு வந்து ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில், மறுபடியும் ஒரு குழு. இந்தக் குழுக்களுக்குத் தலைமை தாங்கிய அதிகாரிகள் 2003க்கு வெகு முன்பே வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் ஓய்வூதியத்தை ஆராய எந்தக் குழுவும் தேவைப்படவில்லை. பிறகு 2026 பிறந்தது, தேர்தல் வருடம் பிறந்தது, அந்த ஜனவரியிலேயே உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் என்று புதுப் பெயரில் அறிவிப்பும் பிறந்தது. ஞானம் தேர்தல் கமிஷனின் கால அட்டவணையைப் பார்த்துத்தான் வரும்.

இதுகூடச் சங்கம் வைத்துக் கேட்கத் தெரிந்தவர்களின் கதை. சங்கம் இல்லாதவர்களுக்கு டெல்லி 2019 பிப்ரவரியில் ஒரு திட்டம் போட்டது. அமைப்புசாராத் தொழிலாளிக்கு அறுபது வயதில் மாதம் 3,000 ரூபாய். நாற்பது வயதுக்குள் சேர வேண்டும். மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். திட்டம் தொடங்கிய அன்றே நாற்பது வயதில் சேர்ந்தவர்தான் முதல் பயனாளி, அவர் முதல் பென்ஷன் வாங்கும் ஆண்டு 2039. கோஷியாரி குழு 2013இல் இன்றைக்கே கொடு என்று சொன்ன அதே மூவாயிரம், இருபத்தாறு வருடம் கழித்து, சொந்தக் காசையும் போட்டால். அன்றைக்கு அறுபதைத் தாண்டியிருந்தவர்களுக்கு? அவர்களுக்கும் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் சீக்கிரம் பிறந்துவிட்டார்கள்.

முதியவர்களுக்கு எதுவுமே கொடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ரயிலில் கொடுத்தார்கள். ஆணுக்கு 40 சதவீதம், பெண்ணுக்கு 50 சதவீதம் கட்டணச் சலுகை. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கிழவர்கள் ஊர் சுற்றக்கூடாது, தொற்று வந்துவிடும் என்ற கரிசனம். கொரோனா போனது, கரிசனம் போகவில்லை. மருத்துவக் காப்பீட்டிலும் அதே கரிசனம். எழுபது வயதுக்காரர் தன் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தானே கட்டும் பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் அதை எடுத்தபோது பண்டிகைப் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். எட்டு வருடம் பையில் கைவிட்டுவிட்டு, கையை வெளியே எடுத்ததற்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். சிலர் சொன்னார்கள்.

வருடா வருடம் பென்ஷன்காரர் தான் உயிரோடு இருப்பதை வேறு நிரூபிக்க வேண்டும். லைஃப் சர்டிபிகேட். இப்போது அது டிஜிட்டல், விரலை வைத்தால் போதும் என்கிறார்கள். நாற்பது வருடம் சிமென்ட்டும் சோடாவும் அரித்த விரலில் ரேகை இருந்தால்தானே இயந்திரம் படிக்கும்? மூன்று தடவை வைத்தும் படிக்காவிட்டால், அண்ணா, உங்க ரேகை விழலை, நாளைக்கு வாங்க என்பான் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிற பையன். ஆள் எதிரில் நிற்கிறார், மூச்சு விடுகிறார், கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே விடுகிறார். அது சான்றாகாது.

வாட்ச்மேன் வேலைக்கு எடுக்கும் ஏஜென்சிகளில் இன்னொரு விதி இருக்கிறது. வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் கிளையன்ட் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் அறுபத்தெட்டு வயதுக்காரர் மாதத்துக்கு ஒரு பாக்கெட் சாயம் வாங்கி, மீசை வரைக்கும் தடவி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறார். வேலை கிடைக்கிறது. சம்பளம் போதவில்லை. ஓஏபிக்கு எழுதிப் போடுகிறார். பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடிந்து, தூங்காமல், நேராகத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கிறார். பதினொன்றரைக்கு அவர் முறை வருகிறது. உள்ளே இருப்பவர் படிவத்தைப் பார்க்கிறார், ஆளைப் பார்க்கிறார், மறுபடி படிவத்தைப் பார்க்கிறார்.

"ஏன் பெரியவரே, ஒரு நரைமுடி இல்ல, யூனிபார்ம் போட்டு விறைப்பா நிக்கிறீங்க. உங்களுக்கு எதுக்கு ஓஏபி? அடுத்த ஆளு வாங்க."